உரும்பிராய்க் கிணற்றில் நாலாவது வெடி

குளித்துவிட்டு வந்தால் காதைத் துடைக்க நான் மறப்பதில்லை. கேளாத காதுக்கு எதற்கு இவ்வளவு உபசாரம் என்று அயலில் உள்ள சின்னதுகள் சிரிக்கும். சிரிக்கட்டும்.

சின்ன வயதில் சீழ் வடிந்து வடிந்தே என் காதுகள் மந்தமாகிவிட்டன. அப்படியிருந்தும், வாயசைவைப் பார்த்தே யாழ்ப்பாணத்தில் ஒரு கந்தோரில் கிளாக்கராகக் காலந்தள்ளினேன். பெரிய மீசைக்காரத் துரை ஒருவர் வந்தார், வந்தது வினை. அந்த மீசைக்குள் இரண்டு குருவி கூடு கட்டிக் குஞ்சும் பொரிக்கலாம். உதடு எங்கே தெரியும்? அவர் தேநீர் கேட்டால் ஜன்னலைச் சாத்தினேன். ஜன்னலைச் சாத்தச் சொன்னால் சலாம் போட்டேன். கடைசியில் வீட்டுக்குப் போகச் சொன்னார். அதையும் எழுதித்தான் காட்டினார்கள்.

பிறகு, கிணறு வெட்டும் சீவரத்தினம் அண்ணையிடம் போய்ச் சேர்ந்தேன். எங்கள் பக்கத்தில் மண்வெட்டியால் கிணறு வெட்ட முடியாது. கொஞ்சம் இறங்கினாலே சுண்ணாம்புக் கல். அலவாங்கு என்கிற கடப்பாரையால் துளைத்து, வெடிமருந்து கெட்டித்து, திரி வைத்து வெடிக்க வேண்டும். எல்லாரும் காதைப் பொத்துகிற தொழில். எனக்கென்றே கடவுள் படைத்தது என்று நினைத்தேன். திரியை அளவறிந்து வெட்டுவதில் கெட்டிக்காரனானேன். வெடி விழுவதை உள்ளங்கால் சொல்லிவிடும். புத்தூரில் வெடித்தால் உரும்பிராயில் படுத்தபடியே எண்ணுவேன் என்று எனக்கு நானே பெருமையடித்துக்கொள்வேன்.

காது விஷயத்தை மட்டும் அண்ணையிடம் மறைத்தேன். ஒருநாள் கேட்டார்.

"என்ன கிளாக்கர், கூப்பிட்டாத் திரும்பிறாயில்லை. காது மந்தமோ?"

"இல்லை அண்ணை, ஏதோ யோசினை."

"கந்தோர் யோசினையைக் கந்தோரிலை விட்டிட்டு வா. காது கேளாதவனை நான் இந்தத் தொழிலிலை வைச்சிருக்க மாட்டன்."

அதில் நியாயம் இருந்தது. திரியைக் கொளுத்திவிட்டு மேலே வருபவர், ஆளையும் மாட்டையும் மறிக்கத் தெரு ஒழுங்கைக்கு ஓடுவார். மற்றவர் கற்குவியலுக்குப் பின்னால் இருந்து வெடிகளை எண்ணுவார். ஒன்று குறைந்தால் அது கல்லுக்குள் உயிரோடு கிடக்கிறது என்று அர்த்தம். மறுநாள்வரை யாரும் இறங்கக் கூடாது.

முப்பத்திரண்டாம் ஆண்டு மாசியில், மார்க்கண்டரின் புகையிலைத் தோட்டத்தில் நாலு வெடி வைத்தோம். புகை அடங்க, அண்ணையும் மார்க்கண்டரும் ஒழுங்கையிலிருந்து வந்தார்கள்.

"எனக்கு மூண்டுதான் கேட்டது. ஒண்டு பிழைச்சுதோ?" என்றார் அண்ணை.

மார்க்கண்டர் சிரித்தார். "உவனிட்டையோ கேக்கிறாய்? கிளாக்கருக்கு இடி விழுந்தாலும் கேளாது."

அண்ணை சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். இன்னொரு தரம் வீட்டுக்குப் போகச் சொல்லும் முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

"ரெண்டு ஒண்டாப் போனது, அண்ணை. கிட்ட நிண்ட எனக்கு வடிவாக் கேட்டது."

அப்படி நடப்பதும் உண்டு. தூரத்தில் நிற்பவருக்கு இரண்டும் ஒன்றாகத்தான் கேட்கும். அதனால் நம்பினார். அலவாங்கை எடுத்துக்கொண்டு இறங்கினார். அது கல்லில் விழுந்ததும் நாலாவது வெடித்தது.

கிணற்றடியில் யார் கூப்பிட்டும் நான் திரும்பவில்லை. அந்த வெடியில்தான் என் காது பறந்ததென்று ஊர் முடிவு கட்டியது. கேலி பேசிய மார்க்கண்டரே கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நான் மறுத்துச் சொல்லவில்லை. அன்றோடு ஊர் எனக்கு ஓய்வு கொடுத்துவிட்டது.

அண்ணையின் மனைவி பராசக்தியக்கா வெள்ளிக்கிழமைகளில் சோறு கொண்டுவருவார். என் காதோடு வாயை வைத்துக் கத்துவார்; பிறகு முகத்தைப் பார்த்துச் சொல்வதை உதட்டில் படிப்பேன்: "என்ரை மனுசனோடை உன்ரை காதும் போச்சுதே, தம்பி. சாப்பிடு." அவர் வாய் வைக்கிற காது என்பதால்தான் துடைத்து வைக்கிறேன்.

அன்று என் உள்ளங்காலும் மூன்று என்றுதான் சொன்னது.

அதை அக்காவிடம் சொல்லிவிடலாம்தான். ஆனால் அவருக்குக் காது நன்றாகக் கேட்கும்.