நாற்பத்திரண்டு அடி

இன்ஸ்பெக்டர் ஐயா, சினிமா ஆபரேட்டர் படம் பார்ப்பதே இல்லை. இதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. எங்கள் அறைச் சுவரில் இரண்டு ஓட்டைகள் உண்டு. ஒன்று வெளிச்சம் போவதற்கு, மற்றது நாங்கள் எட்டிப் பார்ப்பதற்கு. முதல் மூன்று நாள்தான் திரையைப் பார்ப்போம். அதற்குப் பிறகு ஜனங்களைத்தான் பார்த்துக்கொண்டிருப்போம். விருதுநகரிலும் சிவகாசியிலுமாகப் பதினான்கு வருஷம் ஜனங்களைப் பார்த்திருக்கிறேன். நல்ல ஜனங்கள்.

அதனால்தான் ஆண்டிச்சாமி செத்ததற்காக நீங்கள் பதினொரு பேரைப் பிடித்து வைத்திருப்பது எனக்குச் சங்கடமாக இருக்கிறது. அவர்களை விட்டுவிடுங்கள். நடந்ததை நானே எழுதித் தருகிறேன். என் பெயர் சீனிவாசகம். விஸ்வநத்தம் போகிற சாலையில் இருக்கும் தகரக் கொட்டகையில் ஆபரேட்டர். எனக்கு ரத்தம் என்றால் ஆகாது. கோழி அறுத்த வீட்டில் கை நனைக்க மாட்டேன்.

இந்த 1958 தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிகளில் வேலை மந்தமான நேரத்தில், எங்கள் முதலாளி ஓர் அம்மன் படம் கொண்டுவந்தார். கதை என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஓர் அசுரன் மூன்று மணி நேரம் அட்டூழியம் செய்வான். கடைசியில் அம்மன் வந்து அவன் தலையை வெட்டுவாள். தலை ஏழு படிகளில் உருண்டு வந்து, கண்ணைத் திறந்தபடி, நாக்கைத் தள்ளிக்கொண்டு நம்மைப் பார்த்து நிற்கும். மேலேயிருந்து ரத்தம் படிப்படியாக வழிந்து வந்து அதை நனைக்கும். இந்தக் காட்சி நாற்பத்திரண்டு அடி நீளம். அரை நிமிஷம்கூட ஓடாது.

அந்த அரை நிமிஷத்துக்குத்தான் கூட்டம். மல்லாங்கிணற்றிலிருந்து வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். செருப்பை வாசலிலேயே கழற்றிப் போட்டார்கள். தலை விழும்போது பெண்கள் குலவை போட்டார்கள், திரைக்கு முன்னால் சூடம் கொளுத்தினார்கள். தாய்மார்கள் தூங்குகிற பிள்ளையைத் தட்டி எழுப்பி, தோள்மேல் தூக்கிக் காட்டினார்கள். "பாரு கண்ணு, சாமி வெட்டுது பாரு" என்று ஒருத்தி சொன்னதும், அந்தப் பிள்ளை முறுக்கைக் கடித்துக்கொண்டே கும்பிட்டது. படம் கறுப்பு வெள்ளை. ரத்தம் கறுப்பாகத்தான் ஓடும். வெளியே வருகிறவர்கள் மட்டும் "எம்புட்டுச் செவப்பு பாத்தியா" என்று பேசிக்கொண்டு போனார்கள்.

ஆட்சேபமே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். இரண்டாம் நாளே ஊர்ப் பெரியவர்கள் ஆறு பேர் முதலாளியைப் பார்க்க வந்துவிட்டார்கள். பெத்தணன் என்பவர்தான் பேசினார். படத்தில் ராஜா ராணியின் கையைப் பிடித்து ஊஞ்சலில் உட்கார வைக்கிற இடம் ஒன்று உண்டு. "பொம்பளையாளுக, சின்னப் பிள்ளைக வார எடம். இந்த அசிங்கத்தையெல்லாம் காட்டினா ஊரு கெட்டுப்போகாதா?" என்றார். முதலாளி சொல்ல, நான் ராணியின் கையை வெட்டி எடுத்தேன். பெரியவர்களுக்குத் திருப்தி. கடைசிக் காட்சியை மட்டும் இன்னும் கொஞ்சம் மெதுவாக ஓட்ட முடியுமா என்று விசாரித்துவிட்டுப் போனார்கள்.

இரண்டாவது வாரத்தில் ஒரு நாள், அம்மன் வாளை ஓங்கிய நேரம் பார்த்துக் கரண்டு போய்விட்டது. திரும்ப வரவேயில்லை. ஜனங்கள் முனகிக்கொண்டே கலைந்தார்கள். மறுநாள் விசாரித்தால், விஸ்வநத்தத்தில் மட்டும் மூன்று இடத்தில் அடிதடி. டீக்கடை பெஞ்சை உடைத்துப் போட்டிருந்தார்கள். ஈ எறும்புக்குக்கூடத் துரோகம் நினைக்காத வெள்ளைத்துரை, விறகுக் கட்டையால் தன் மச்சினனின் தோள்பட்டையைப் பெயர்த்திருந்தான். ஏன் என்று கேட்டால் அவனுக்கே தெரியவில்லை. அன்றைக்கே வந்து தலை விழுவதைப் பார்த்தான். பிறகு அவனே மச்சினனைச் சைக்கிளில் வைத்துக் கட்டுப்போடக் கூட்டிப் போனான். எனக்கு அப்போதுதான் விளங்கியது. ஜனங்களுக்கு ஒரு தலை விழ வேண்டும். விழுந்துவிட்டால் அவர்களைப் போலச் சாது கிடையாது.

இனி ஆண்டிச்சாமி. பட்டாசுக் கம்பெனியில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தவன். எங்கள் கொட்டகையில் அவனுக்கு அசுர வேஷம். முகத்தில் கரி, சணல் மீசை, தகரக் கத்தி. காலையில் விளம்பர வண்டியில் ஊர் சுற்றுவான், ஆட்டம் விடும்போது வாசலில் நின்று பிள்ளைகளைப் பயமுறுத்துவான். நல்ல பையன்தான், கள்ளம் கபடம் கிடையாது. அவனிடம் ஒரே ஒரு குறை. மதராஸில் ஒரு ஸ்டூடியோவில் மூன்று மாதம் எடுபிடியாக இருந்தவன். அதனால் தலை உருளுகிற நேரத்தில் அவனுக்குச் சிரிப்பு வந்துவிடும். "அது காகிதக் கூழுண்ணே. அந்த மாரித் தலை ஒரு டஜன் அடுக்கி வச்சிருப்பாக. நானே தூக்கியிருக்கேன், தேங்காக் கனங்கூட இருக்காது" என்பான். என்னிடம் சொன்னால் பரவாயில்லை. முருகம்மாளிடமும் சொல்லிவிட்டான்.

முருகம்மாள் விஸ்வநத்தத்தில் ஒரு கம்பெனியில் பட்டாசுச் சரம் பின்னுகிற பெண். ஞாயிற்றுக்கிழமை பகல் காட்சிக்கு வருவாள். பெண்கள் பக்கத்தில், தூணை ஒட்டி, மணலில் உட்காருவாள். தலை விழும்போது மட்டும் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொள்வாள். பக்கத்து வீட்டுப் பஞ்சம்மாள், "கண்ண மூடாத தாயி, பாத்தாத்தான் புண்ணியம்" என்று கையைப் பிடித்து இழுப்பாள். அப்போதும் பார்க்க மாட்டாள். எழுநூறு பேரில் என்னைப் போலவே ரத்தம் ஆகாத ஒரே ஜீவன். நான் அவளோடு ஒரு வார்த்தைகூடப் பேசியதில்லை. பேச அவசியமும் இருக்கவில்லை, ஓட்டை வழியாகப் பார்த்ததிலேயே எங்களுக்குள் எல்லாம் புரிந்திருந்தது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை தலை உருண்டபோது அவள் முகத்தை மூடவில்லை. வாசலில் நின்ற ஆண்டிச்சாமியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். தை பிறந்ததும் இரண்டு பேருக்கும் கல்யாணம் என்று பஞ்சம்மாள்தான் சொன்னாள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. என் கவலையெல்லாம் பக்தியைப் பற்றித்தான். இன்றைக்கு ஒருத்தி சிரித்தால் நாளைக்குக் கொட்டகையே சிரிக்கும். சாமி காரியத்தில் அது நல்லதில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்த நாற்பத்திரண்டு அடியை வெட்டி எடுத்தேன். முனைகளைச் சேர்த்து ஒட்டிவிட்டு, துண்டை ஒரு டப்பாவில் போட்டு மூடினேன். யார் எத்தனை அடி அடித்தார்கள் என்று நீங்கள் ஒவ்வொருவரையும் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எனக்குத் தெரிந்த அடிக்கணக்கு இது ஒன்றுதான்.

பிறகு ஆண்டிச்சாமியைக் கூப்பிட்டு ஒரு யோசனை சொன்னேன். ஜனங்கள் வெளியே வரும்போது சும்மா உறுமினால் எடுபடாது, இரண்டு கையாலும் தலையைப் பிடித்து ஆட்டிக் காட்டி, "என் தலை இங்கனதான் இருக்கு, முடிஞ்சா எடுத்துப் பாருங்கலே" என்று சொல்லிச் சிரி என்றேன். அவனுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. "நல்லா இருக்குண்ணே. பிள்ளைக அலறிப்போயிரும்" என்றான். இரண்டு வாசலில் ஒன்றை, கீல் கழன்றிருக்கிறது என்று சொல்லி நானே பூட்டினேன். எல்லாரும் அவன் நிற்கிற பக்கமாகத்தான் வர வேண்டியிருந்தது.

அன்றைக்கும் அம்மன் வாளை ஓங்கினாள். முருகம்மாள் சிரிப்பதற்குத் தயாராக வாசல் பக்கம் திரும்பினாள். உடனே தேவர்கள் பூத்தூவினார்கள், சுபம் என்று விழுந்தது. கொளுத்திய சூடம் கையிலேயே எரிந்துகொண்டிருந்தது. முன்வரிசையில் ஒரு பெரியவர், "தலை எங்கலே?" என்றார். யாரும் கூச்சல் போடவில்லை, ஐயா. "தலை எங்க, தலை எங்க" என்று ஒருவரையொருவர் மெதுவாகக் கேட்டுக்கொண்டே வாசலுக்கு நடந்தார்கள். ஆண்டிச்சாமி நான் சொல்லிக்கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னான்.

எனக்குத்தான் ரத்தம் ஆகாதே. ஓட்டையை மூடிவிட்டு ரீலைச் சுற்ற ஆரம்பித்தேன். முதலில் அவன் சிரிப்பு கேட்டது. அப்புறம், "நான் ஆண்டிச்சாமிய்யா, இது வேசம்யா" என்று கேட்டது. மூன்று தடவை சொன்னான் என்று நினைக்கிறேன். "அவுகள விடுங்க, விடுங்க" என்று முருகம்மாள் குரலும் இருந்தது. குலவைச் சத்தம் வந்ததும் அது கேட்கவில்லை. அவன் கத்தி வெறும் தகரம். அதனால்தான் அவ்வளவு நேரம் ஆகியிருக்கிறது.

நான் இறங்கி வந்தபோது நல்ல வெயில். ஜனங்கள் தண்ணீர்த் தொட்டியில் கை கால் கழுவிக்கொண்டு, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். யாரோ வாசலில் சூடம் ஏற்றி வைத்திருந்தார்கள். அவன் கத்தியைக் கை மாற்றி வாங்கினவர்களில் வெள்ளைத்துரையும் ஒருவன் என்கிறீர்கள். இருக்கலாம். அந்த வாரம் முழுக்க விஸ்வநத்தத்தில் ஒரு சண்டை கிடையாது, உங்கள் ஸ்டேஷன் பதிவேட்டைப் பார்த்தாலே தெரியும்.

அவர்கள் யாரையும் கொல்லவில்லை, ஐயா. பாதியில் நின்ற படத்தைப் பார்த்து முடித்தார்கள், அவ்வளவுதான். கொன்றது நான். அவன் சாக வேண்டும் என்று வெட்டினேன், சாவான் என்று தெரிந்தே பூட்டினேன். முதலாளியைக் கேட்காமல் படச்சுருளில் கை வைத்ததையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அது ஒன்றுதான் மனசை உறுத்துகிறது.

கொட்டகையைத் திறக்க நீங்கள் அனுமதித்த அன்றே துண்டைப் பழையபடி ஒட்டிவிட்டேன். இப்போது தலை ஒழுங்காக விழுகிறது. முருகம்மாள் மட்டும் வருவதில்லை. கம்பெனிக்கும் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளாம். அந்தக் காட்சி அவளுக்கு ஆகாது என்று வேறு யாருக்குத் தெரியும்? அவள் வருவதாக இருந்தால் அதை மறுபடியும் வெட்டிவிடுகிறேன் என்று பஞ்சம்மாளிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.