தேவிப்ரியாவுக்கு நான் சொன்னது

கொல்கத்தாவில் தமிழ் பேசுவதில் ஒரு சௌகரியம் உண்டு, சார். யாரை வேண்டுமானாலும் அவர் முகத்துக்கு எதிரிலேயே திட்டலாம். சொத்தைக் கத்தரிக்காயைத் தலையில் கட்டுகிற காய்காரனை, மீட்டருக்கு மேல் கேட்கிற டாக்சிக்காரனை, மேல்வீட்டு அம்மாளை, எல்லோரையும் சிரித்த முகத்தோடு திட்டியிருக்கிறேன். கல்யாணமாகி லேக் கார்டன்ஸுக்கு வந்த நாளிலிருந்து இந்தப் பழக்கம். என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் வேலை பார்த்தவர், சாது. என்றைக்காவது மாட்டிக்கொள்வாய் என்பார். நீங்கள் சென்னைத் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரிக்க வந்திருக்கிறீர்கள், தமிழ் தெரிந்தவர். அதனால் உங்களிடம் சுற்றி வளைக்காமல் பேசுகிறேன். போலீஸ்காரர்கள் பெங்காலியில் கேட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொன்னேன், கேட்காததற்குச் சொல்லவில்லை.

துர்கா பூஜை சமயத்தில் நம் நியூ டவுன் கட்டடத்தில் தீப்பிடித்து, புகையில் மூச்சுமுட்டி ஒரே ஒருத்தி செத்துப்போனாள். அந்த தேவிப்ரியாவுக்கும் எனக்கும் என்ன பகை என்று கேட்டீர்கள். பகையே கிடையாது. நான்தான் அவளுக்குக் காது, நான்தான் அவளுக்கு வாய். இதை நான் சொல்லவில்லை, கம்பெனி எடுத்த வீடியோவில் அப்படித்தான் சொன்னார்கள்.

அவள் வந்த வருடம்தான் டைவர்சிட்டி, இன்க்ளூஷன் என்று இங்கே தனிப் பிரிவு ஆரம்பித்தார்கள். மேக்னா அதற்குத் தலைவி. என் மகள் வயதுதான் இருக்கும். தேவிப்ரியாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. திருநெல்வேலிப் பக்கத்துப் பெண். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் தமிழரசி என்று ஒரு டீச்சர், உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்ளச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். ஆங்கிலம் எழுதினால் என்னைவிட நன்றாக எழுதுவாள். ஆனால் உதட்டில் அவளால் படிக்க முடிந்தது தமிழ் மட்டும்தான். அவளை எடுத்துக்கொண்டு வந்து, தமிழ் உதடே இல்லாத ஆபீசில் போட்டார்கள். அப்புறம் யாருக்கோ என் ஞாபகம் வந்திருக்கிறது. "அமலாதி, நீங்கள் ஒருவர்தான் எங்களுக்கு" என்று மேக்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இங்கே அக்காவுக்குப் பதிலாகப் பெயரோடு தி சேர்ப்பார்கள். காரியம் ஆகவேண்டும் என்றால் கூடுதலாகச் சேர்ப்பார்கள்.

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி. என் பில் சரிபார்க்கிற வேலை என் தலையில் அப்படியே இருக்க, இதுவும் வந்து சேர்ந்தது. எல்லாக் கூட்டத்திலும் அவளுக்கு எதிரே உட்கார்ந்து, மற்றவர்கள் பேசுவதை நான் தமிழில் வாயசைத்துச் சொல்லவேண்டும். வாடிக்கையாளரின் ரகசியம் போய்விடும் என்று அந்தக் கூட்டங்களில் ஃபோனோ வேறு கருவியோ கூடாது. என் வாய் மட்டும் போகலாம். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தாடை வலிக்கும். டிசம்பரில் விழா வைத்தார்கள். தேவிப்ரியாவுக்குக் கண்ணாடிக் கோப்பை, எனக்கு ஒரு தொட்டிச் செடி. கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

இன்னொன்றையும் அப்போதே என் பேரில் எழுதிவைத்தார்கள். தீ எச்சரிக்கை மணி அடித்தால் அவளுக்குக் கேட்காது இல்லையா? தான் உட்காரும் அறையில் மணியோடு சேர்ந்து எரிகிற மாதிரி ஒரு சிவப்பு விளக்கு வேண்டும் என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்விதான். அதற்கு மேக்னா என்ன சொன்னாள் தெரியுமா? "விளக்கு எதற்கு, அமலாதி இருக்கிறாரே." ஆக, விளக்குக்குப் பதிலாக என்னை மாட்டினார்கள். மணி அடித்தால் நான் போய் அவளை அழைத்துக்கொண்டு இறங்கவேண்டும். டிரில் என்று தீ ஒத்திகை நடக்கும்போது மட்டும் அழைக்கவேண்டாம் என்றும் அவர்களே சொன்னார்கள். அவளை அழைத்து வந்தால் தாமதமாகிறது, கட்டடத்துக்கு மதிப்பெண் குறைகிறது. "டிரில்தானே, அவள் வசதியாக உட்கார்ந்து வேலையைப் பார்க்கட்டும்." எனக்கும் இறங்கவிடுங்கள் என்று அவள் எழுதிக் கேட்டாள். உன் நன்மைக்குத்தான் என்று பதில் போட்டார்கள். அந்தப் பழக்கத்தை நான் உண்டாக்கவில்லை, சார். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

டீம் லீட் பதவி காலியானபோது அது எனக்குத்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். இந்தக் கம்பெனி டல்ஹவுசியில் ஃபேன் காற்றில் நடந்த காலத்திலிருந்து இருக்கிறேன். அதை தேவிப்ரியாவுக்குக் கொடுத்தார்கள். அவள் கெட்டிக்காரி, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவளைத் தேர்ந்தெடுத்த நேர்முகத்தில்கூட அவர்கள் கேட்ட கேள்விகளை அவளுக்குச் சொன்னது யார்? நான். எனக்கு வரவேண்டிய பதவியை என் வாயாலேயே அவளுக்கு வாங்கிக்கொடுத்தேன். முடிவு தெரிந்ததும் அவள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

அதற்குப் பிறகு கூட்டங்களில் கொஞ்சம் சுருக்கிச் சொல்ல ஆரம்பித்தேன். பொய் சொன்னதில்லை. வாடிக்கையாளர் இரண்டு விஷயம் சொன்னால் ஒன்றைச் சொல்வேன். அவள் அந்த ஒன்றை அருமையாகச் செய்துகொண்டு போய் நிற்பாள், இன்னொன்று எங்கே என்று அவர்கள் குதிப்பார்கள். அவளுக்குக் கவனம் போதவில்லை என்று பேச்சு வந்தது. ஒரு நாள் கழிவறையில் அழுதுகொண்டிருந்தாள். நான்தான் கைக்குட்டை கொடுத்தேன், டீயும் வாங்கிக்கொடுத்தேன். நீங்கள் அந்த டீயையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மதுரையில் என் தங்கை வசந்தி இருக்கிறாள். தினமும் ஃபோனில் பேசுவோம். எங்கள் மாடியில் டீ போடுகிற இடத்துக்குக் கண்ணாடிச் சுவர். உள்ளே நின்று பேசினால் வெளியே கேட்காது, கேட்டாலும் எவனுக்குப் புரியப்போகிறது? அன்றைக்கு வசந்தி, பதவி என்ன ஆச்சு என்று திரும்பத் திரும்பக் கிளறினாள். எனக்கும் ஆத்திரம் அடைத்துக்கொண்டு வந்தது. "பாதிதான் சொல்றேன் அவளுக்கு. தடுமாறட்டும். செவிட்டு முண்டத்துக்கு டீம் லீட் ஒண்ணுதான் கேடு" என்றேன். சொல்லிவிட்டுத் திரும்பினால், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பாட்டிலோடு அவள் நிற்கிறாள்.

இத்தனை வருடம் இந்த ஊரில் ஒருவனும் கண்டுபிடிக்கவில்லை. காது கேட்காதவள் கண்டுபிடித்தாள்.

அவள் சண்டை போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். ஒப்பாரி வைத்திருந்தால் சமாதானம் செய்திருப்பேன். மறுநாள் என் மேசைக்கு வந்தாள். அவளுக்குக் குரல் உண்டு. கொஞ்சம் தட்டையாக வரும், ஆனால் சொல் சுத்தமாக இருக்கும்.

"அக்கா, நீங்க போன்ல பேசுனதப் பாத்தேன். யார்ட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். பேசுறத எழுத்தாக் காட்டுற ஸ்க்ரீன் கேட்டிருக்கேன். பூஜை முடிஞ்சதும் வந்துரும். இனிமே உங்களுக்குச் சிரமம் வேண்டாம்."

அவ்வளவுதான். போய்விட்டாள். மன்னிக்கிறாளாம். யார் யாரை மன்னிப்பது, சார்? என் தாடை தேய்ந்ததற்கு, என் பதவி போனதற்கு, அவள் என்னை மன்னிக்கிறாள். அன்று மத்தியானம் மேக்னா வந்து, இனி நீங்கள் நிம்மதியாகப் பழைய வேலையைப் பார்க்கலாம் அமலாதி என்றாள். நிம்மதியாக என்ற அந்தச் சொல்லை அவள் வாயிலேயே திணிக்கவேண்டும் போல் இருந்தது. வீடியோவில் என் கையை தேவிப்ரியாவின் கையோடு சேர்த்துப் பிடிக்கவைத்தார்கள், அதற்கு மட்டும் நான் வேண்டும். ஸ்க்ரீன் வந்தால் வேண்டாம். ஏறின பிறகு ஏணியை உதைக்கிற கூட்டம். நான் கோபக்காரி இல்லை. நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

பூஜை நாட்களில் பெங்காலிகள் எல்லோரும் லீவில் போய்விடுவார்கள். ஆபீசைப் பார்த்துக்கொள்வது எங்களைப் போன்ற வெளியூர்க்காரர்கள்தான். வருடாவருடம் இதே கதை. சப்தமி அன்று எங்கள் மாடியில் விரல்விட்டு எண்ணும்படிதான் ஆட்கள். தேவிப்ரியா வாடிக்கையாளரின் ரகசிய வேலை நடக்கிற அறையில் தனியாக இருந்தாள். ஃபோனை வெளியே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போகவேண்டும். சுற்றிலும் சுவர், கண்ணாடி என்பது கதவில் மட்டும். பக்கத்துக் குடியிருப்பின் பந்தலில் மேளம் அடித்துக்கொண்டிருந்தார்கள். மணி அடித்தபோது எனக்கே முதலில் சரியாகக் கேட்கவில்லை. அப்புறம் வயர் கருகுகிற நாற்றம் வந்தது. காவலாளி ஆகுன், ஆகுன் என்று கத்திக்கொண்டு ஓடினான். தீ என்று அர்த்தம். மின்கம்பிகள் போகிற அறையின் கதவிடுக்கில் புகை வருவதை நானே பார்த்தேன்.

நான் படிக்கட்டுப் பக்கம் ஓடவில்லை. இதுவும் முக்கியம். நேராக அவள் அறைக்குப் போனேன். கண்ணாடியைத் தட்டினால் அதிர்வு தெரிந்து அவள் திரும்புவாள். தட்டினேன், திரும்பினாள். பேசினேன். பிறகு இறங்கினேன். கீழே ஆட்களைச் சரிபார்த்தவர்கள் அவள் எங்கே என்றார்கள். சொல்லிவிட்டேன், பின்னாலேயே வந்தாள், அந்தப் பக்கத்துப் படிக்கட்டில் இறங்கியிருப்பாள் என்றேன். கூட்டமும் குழப்பமுமாக இருந்தது, யாரும் மறுபடி கேட்கவில்லை. தீயணைப்புக்காரர்கள் அவளைக் கதவுக்கு வெளியே, தாழ்வாரத்தில் கண்டெடுத்தார்கள். புகையைப் பார்த்த பிறகு எழுந்து வந்திருக்கிறாள். திசை தெரியவில்லை போல.

அந்த அறைக்குள் கேமரா இருக்கிறது. போலீஸ் பார்த்தது. நான் கதவருகே வந்து அவளிடம் பேசுவது அதில் தெரிகிறது, சத்தம் கிடையாது. எச்சரித்தும் அந்தப் பெண் வேலையில் மூழ்கி வரவில்லை என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். மேக்னா அழுதுகொண்டே என்னைக் கட்டிக்கொண்டாள். உங்களால் முடிந்ததைச் செய்தீர்கள் என்றாள். தேவிப்ரியாவின் படத்துக்கு மாலை போட என்னைத்தான் மேடைக்குக் கூப்பிட்டார்கள். போட்டேன். அவள் அம்மா என் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கடைசிவரை என் பிள்ளைக்குத் துணையாக இருந்தீர்களே என்றார். ஆமாம் என்றேன்.

நீங்கள் வந்தீர்கள். நீங்களும் தமிழர், என் உதடு தமிழில் அசைவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். ஆனால் உங்களுக்கு உதடு படிக்கத் தெரியாது. அதனால்தான் திருநெல்வேலியிலிருந்து தமிழரசி டீச்சரை வரவழைத்து, அந்தக் கேமராப் படத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறீர்கள். அவர் வெளியே உட்கார்ந்திருக்கிறார். உள்ளே வரும்போது பார்த்தேன். என் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைத்தான் பார்த்தார். அவரைக் கூப்பிட வேண்டாம், பட்டாபிராமன் சார். நானே சொல்கிறேன்.

கூப்பிடத்தான் போனேன். சத்தியமாக. வா, தீ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். அத்தனையும் தெரிந்தபிறகும், ஒன்றுமே நடக்காத மாதிரி சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"சும்மா டிரில்தான். நீ வர வேண்டாம். உன் வேலையைப் பாரு."

இதுதான் நான் சொன்னது. அவள் உடனே திரும்பிக்கொள்ளவில்லை. புருவத்தைத் தூக்கி, நிஜமாகவா என்று கேட்டாள். கூட்டத்தில் நான் பாதியை விழுங்கியது அவளுக்குத் தெரியும். ஆனால் இதில்கூட ஒருத்தி பொய் சொல்வாள் என்று அவளுக்குத் தோன்றவில்லை. நான் இன்னொரு முறை சொன்னேன். நிறுத்தி, நிதானமாக, ஒரு வார்த்தையும் விடாமல். தலையாட்டிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

என்மேல் என்ன வழக்கு வேண்டுமானாலும் போடுங்கள். ஆனால் அவளை விட்டுவிட்டு ஓடினேன் என்று மட்டும் எழுதாதீர்கள். அத்தனை பெரிய ஆபீசில் அன்றைக்கு அவளை நினைத்து, அவள் முன்னால் போய் நின்று, அவளுக்குப் புரிகிற மாதிரி பேசியவள் நான் ஒருத்திதான்.