கனடாப் படத்துல எங்கட கடல்

அந்தக் கைபோன உள்ள வைங்க மகள். படத்தப் பாத்திட்டன். ஒருக்காப் பாத்தாப் போதும்.

ஆரு உங்களுக்கு என்ட வீட்டக் காட்டின? கடைச்சந்தில கேட்டீங்களா? என்ன சொல்லிக் கேட்ட? படம் கீறுற மீராமுகைதீன்ட வீடெண்டா? சத்தம் போட்டா கேட்ட?

ஓம், விளங்குது. கனடாவுல ஒரு சின்ன ஊரு, அங்க சனம் சும்மா போய்ப் பாக்கிற ஆர்ட் கலரி. கனடாப் படமா வாங்கிச் சேக்கிறாங்க. நீங்க அங்க வேல. படத்துக்குப் பக்கத்துல கீறினவர்ர கதைய எழுதி ஒட்டணும். நல்லம். ஆனா கனடாப் படமெண்டு சொல்லிட்டு எங்கட மருதமுனைக் கடலையும் தோணியையும் காட்டுறீங்களே, அது எப்பிடி? கீறினவரு அங்கத்தய ஆளாகிட்டா கடலும் அங்கத்தயதாகிருமா? ஒரு படத்துக்காக ஆரும் இவ்வளவு தூரம் வருவாங்களா? ஆரு உங்கள அனுப்பின?

தோணில றாஹிலா எண்டு எழுதியிரிந்தா? ஊருல என்னப் போல எத்தின றாஹிலா! என்ட அவரு சுனாமில மௌத்து. ஊரே சாட்சி. இது கீறினது வேற ஆரோ. படத்துல கரையில இரிக்கிற அந்த வீட்டு ஜன்னல் பச்ச, நீலமாக் கீறி வெச்சிரிக்காரு. எப்பவும் இப்பிடித்தான், சொன்னாலும் கேக்கமாட்...

என்ன எழுதுறீங்க? நான் ஒண்டும் சொல்லல்லியே. தாங்க அந்தக் கொப்பிய.

கதவச் சாத்துங்க. ஸஹீத் ஹாஜியார் லுஹர் தொழுதிட்டு வந்திருவாரு. இப்ப அவருதான் என்ட புருசன். ரெண்டு குமருப் புள்ளைகள் இரிக்கி எங்களுக்கு, மூத்தவக்கு இப்பதான் கலியாணம் பேசுது.

எந்த வருசம் கீறின? ரெண்டாயிரத்துப் பதினாறா? ஹயாத்தோட, உசிரோட இரிக்காரா? ம். நல்லாரிக்கட்டும். இல்ல, என்னத்துக்குப் பொய், நல்லாரிக்க வேணாம்.

என்ட பேர எழுதிராதீங்க மகள், அல்லாஹ்வுக்காக. தலாக் சொல்லாமப் போன மனிசன். தெரிஞ்சா என்ட நிக்காஹ் என்னாகும், புள்ளைகள்ர கதி என்னாகும்?

சுனாமி அலைக்கு மூணு நாளைக்கு முந்தியே அவரு கொழும்பு பஸ்ஸுல ஏறிட்டாரு. திரும்பி வரமாட்டன் எண்டு சொல்லிட்டுத்தான். புருசன் விட்டுட்டுப் போனவ எண்டு ஊரு கதைக்குமே எண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. மறுகா அலை வந்திச்சு. ஊரே செத்தவங்கட மையித்தத் தேடிச்சு. நானும் கூடப் போய் அவரத் தேடினன்.

வெள்ள உடுத்து, புருசன் மௌத்தானவ மாதிரி நாலு மாசம் பத்து நாளும் ஒரு நாள் குறையாம இத்தா இருந்தன்.