எடைக்கு எடை செம்பு

— அந்த மடவை மீனை எடுத்து சட்டியில திரும்பப் போடுமே, கஸ்தூரி. மருமவளுக்குத்தான் ஒண்ணு எடுத்து வெச்சாச்சே.

— எடுத்து வெச்சது வாலுயா. வாலை மீன்னு சொல்ற ஒரே ஆளு பழவேற்காட்டுலயே நீதான். உன் இலையில முழுசா மூணு கெடக்குது.

— பொம்பளைக்குக் கொஞ்சமா தின்னாதான் அழகு. கோட்டையில தொரைசாணியைப் பாத்திருக்கியா? இடுப்பு ஒரு பிடி.

— பாத்தேன். இறால் குடுக்கப் போனப்போ இடுப்புக் கயித்தை அவுத்துப் போட்டுட்டு ஒரு முழுக் கோழியைத் தின்னுக்கினு இருந்தா. அந்த அழகு உனக்கு வேணாமா? நீ ஏறினா தோணியே ஒரு பக்கம் சாயுது.

— ஒலாந்தா வெள்ளைக்காரங்க பழக்கம் உனக்கு இன்னா தெரியும்?

— உன் பழக்கம் தெரியும். அழகுக்காகவா அவளுக்குச் சோத்தைக் கொறச்ச? மாரி போன வருசம் முழுகாம இருந்தப்போ எல்லையம்மன் கோயில்ல நின்னு கத்தினியே. பேரப்புள்ளை நல்லபடியா பொறந்தா மருமவளைத் தராசுல உக்கார வெச்சி எடைக்கு எடை செம்பு தரேன்னு. ஊரே வெல்லம் குடுக்குது. உனக்கு மட்டும் செம்பு.

— கோட்டையில தொரை பேச்சைத் தமிழ்ல சொல்ற துபாஷ் சகாதேவன் வெல்லம் குடுத்தான். நானும் அதையே குடுத்தா அப்புறம் நான் இன்னாத்துக்கு இந்தக் குப்பத்துக்கு நாட்டாரு?

— வீட்டு வாசப்படி ஏறினதும் செம்பு வெலை ஞாபகம் வந்துடுச்சி. மறுநாளே அவ சோத்துல பாதி போச்சி.

— அம்மன் பாக்கறது மனசைமே. எடையை இல்ல.

— அப்போ வெல்லமே போதுமே.

— நாட்டான் வாக்கு மாறாது. செம்புன்னா செம்புதான். அவ எவ்ளோ எடை இருப்பான்னு நான் வாக்கு குடுக்கலியே.

— இந்த சாமர்த்தியத்துலதான் அந்தப் புள்ள ஏழாம் மாசமே வந்துடுச்சி. கையில வாங்கினேன், ஒண்ணுமே இல்லாத மாதிரி இருந்துச்சி. விடியறதுக்குள்ள போச்சி.

— அது விதி.

— விதி இல்லய்யா, கஞ்சித் தண்ணி. தாய் ஒடம்புல இல்லாததை வயித்துப் புள்ள எங்கேருந்து எடுத்துக்கும்?

— சரி, போனது போச்சி. இப்போதான் அவ மாசாமாசம் தூரமாவறதே நின்னுபோச்சின்னு சொன்னியே. கோட்டையில எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். துபாஷுக்கு மூஞ்சி சுருங்கிப்போச்சி.

— ஐயோ, இன்னான்னு சொன்ன?

— மருமவ மறுபடியும் மாசமா இருக்கான்னு.

— மாசமா இல்லய்யா, பட்டினியா இருக்கா. ஒடம்பு காஞ்சா தூரமும் நின்னுபூடும். வயிறு முதுகுல ஒட்டிக்கினு கெடக்குது. அதுல உன் பேரன் எங்க வந்து உக்காருவான்?

— இதெல்லாம் யாரு சொன்னா?

— மருத்துவச்சி கோவிந்தம்மா சொன்னா. அவ சொல்லாட்டி உனக்குத் தெரியாதா? நாப்பது வருசமா வலை இழுக்கறியே, மெலிஞ்ச மடவையை அறுத்து ஒரு நாளாவது சினை எடுத்திருக்கியா?

— மீனும் மனுசியும் ஒண்ணாமே?

— இல்லதான். மீனுக்கு மாமனார் கெடையாது. வயிறாரத் தின்னுது.

— இந்தா பாரு. தை வரைக்கும் பாப்பேன். ஒண்ணும் இல்லேன்னா சுண்ணாம்புக்குளத்துல வேற பொண்ணு பாத்து வெச்சிருக்கேன். உன் புள்ளையும் சரின்னுட்டான்.

— நைனா சொன்னா அவன் ஏரித் தண்ணியிலயே ஏர் ஓட்டுவான். பொண்ணு எப்படி?

— தங்கமான பொண்ணு. ஒல்லி.

— உன்கிட்ட பேசற நேரத்துக்கு முகத்துவாரத்து மணலை வாரிக் கொட்டலாம். மாரி நேத்து இன்னா சொன்னா தெரியுமா? "அந்தப் பொண்ணு வரதுக்கு முன்னாடியே நான் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறேன் அத்தே"ன்னா. அழக்கூட இல்ல. இருவது வயசுப் பொண்ணு, எழுந்து நிக்க செவுத்தைப் புடிக்கறா.

— நாட்டார் வீட்டு மருமவ மூட்டையோட போனா ஊர் இன்னா பேசும்?

— ஊர் பேசிக்கினுதான் இருக்குது. அதான் காலையில கோயிலுக்குப் போனேன்.

— எதுக்கு?

— வேண்டுதலைக் கொஞ்சம் மாத்தி வேண்டிக்கினேன்.

— வெல்லம்னு மாத்திட்டியா? துபாஷ் முன்னால என் மானம் இன்னா ஆவறது?

— மாத்துவனா? செம்புதான். நாட்டான் வாக்காச்சே. பூசாரி முன்னால, குப்பமே கேக்கறாப்பல சத்தமா சொன்னேன். உன் துபாஷும் நின்னுக்கினு இருந்தான். நாட்டாருக்கு எவ்ளோ பெரிய மனசுன்னான்.

— அப்படிச் சொன்னானா? பாத்தியா. அப்போ இன்னாத்ததான் மாத்தின?

— தராசுல உக்காரற ஆளை. பேரன் பொறந்தா தாத்தாவே உக்காரப்போறாருன்னுட்டேன். இப்போ சொல்லுயா, உன் இலையில இருக்கிற மூணு மடவையும் நீ தின்னப்போறியா, அவளுக்கு எடுத்து வெக்கட்டுமா?