ஏளனத்தைத் தாளமாக்கியவள்

அவையை அழகுற நடத்தும் தலைவர் அவர்களே! அனுபவத்தில் கனிந்த ஆன்றோர்களே! ஆயிரம் வேலையை அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! கடைசி வரிசையில் கைதட்டக் காத்திருக்கும் கண்மணிகளே! அனைவரையும் கைகூப்பி வரவேற்கிறேன்.

இன்று பாராட்டுப் பெறுபவள் என் நாத்தனார். நாத்தனாரைப் புகழ அண்ணியே மேடை ஏறிவிட்டாளா என்று முன்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள் அம்மா! எங்கள் வீட்டில் அந்த அதிசயமும் நடக்கும்!

பகலெல்லாம் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையானால் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி. அச்சகத் தொழிலாளர் ஆண்டு விழாவில் அவளுடைய நால்வர் குழு வாசிக்க ஏற்பாடாகியிருந்தது. விழாவன்று காலையில், மற்ற மூவரும் வேறு குழுவுக்குத் தாவிவிட்டதாகச் செய்தி! வரவில்லை என்று சொல்லிவிடலாம் என்றார் என் கணவர். அவள் தலையைப் பின்னிக்கொண்டே சொன்னாள்: "வேணாம்ணா. நான் ஒருத்தியே வாசிச்சுக்கிறேன்."

ஒருத்தி எப்படி வாசிப்பாள் என்கிறீர்களா? காலடியில் ஒரு சின்னப் பெட்டி. மிதித்தால், வாசித்ததைப் பிடித்துக்கொள்ளும். மறுபடி மிதித்தால், அதையே சுற்றிச் சுற்றி ஒலிக்கும். அதன்மேல் அடுத்த வாத்தியம். அதற்கும் மேல் இன்னொன்று. லூப்பிங் என்று பெயர்.

மேசையைத் தட்டினாள், தாளம் பிறந்தது! சிந்தசைசரைத் தொட்டாள், சுருதி சுரந்தது! பெட்டியை மிதித்துப் புல்லாங்குழலை உதட்டில் வைத்த நொடியில், முன்வரிசையிலிருந்து எழுந்தார் அச்சக மேற்பார்வையாளர்.

"எல்லாம் பொய். முன்னாடியே பதிவு பண்ணிக் கொண்டாந்து ஏமாத்துறாங்க."

மண்டபம் முணுமுணுத்தது. மேடையோரம் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற நான் அவளையே பார்த்தேன். ஆனால் குழலுக்கு வைத்த மைக் அவர் குரலைப் பிடித்துவிட்டதே! அடுத்த சுற்றில் அதுவே ஒலித்தது: "எல்லாம் பொய்... எல்லாம் பொய்..." முன்னாடியே பதிந்ததென்றால் இவர் குரல் எப்படி அய்யா வரும்? மண்டபமே சிரித்தது. பாவம், அந்த மனிதர் குன்றிப்போனார்.

அவள் சிரித்தாளா? இல்லை. குனிந்து பெட்டியின் குமிழைத் திருகினாள், சொல் கரைந்து, முழக்கம் மட்டும் நின்றது. மைக்கில் மெல்லக் கேட்டாள்: "சார், குரல் நல்ல கனமா இருக்கு. இன்னும் ஏதாவது குடுங்களேன்."

தயங்கினார். தொண்டையைச் செருமினார். பிறகு தம் அச்சு இயந்திரம் ஓடும் ஓசையை வாயாலேயே எழுப்பினார்: டடக்டக்... டடக்டக்! தொழிலாளர் அத்தனை பேரும் அந்த ஓசையை வாங்கி, தொடையில் தட்டி, தரையில் மிதித்து முழங்கினார்கள். அந்த முழக்கத்தின்மேல் ஏறி மிதந்தது பாருங்கள் அவள் குழல்! என் கண் நிறைந்துவிட்டது.

கருவி மனிதரைப் பிரித்துவிடும் என்போரே, அன்று அது மனிதரைச் சேர்த்ததை நான் பார்த்தேன்! வாசித்ததைத் திருப்பித் தரப் பெட்டிக்குத் தெரியும். வசவை வாத்தியமாக்கத் தெரிந்தவள் எவள்? எங்கள் வீட்டுப் பெண்! எங்கள் வீட்டுப் பெண்!

செவி தந்த உங்களுக்கு என் நெஞ்சார்ந்த நன்றி. மேடை இனி அவளுடையது. வா அம்மா! வணக்கம்!