ஆறாம் போர்ட்டில் கேபிள் இல்லை

— இப்ப ஸ்க்ரீன் கறுப்பாயிடுத்தா சார்?

— ஆச்சு மேடம். கொஞ்ச நேரம் அப்டியே நிக்கும். தோ, போய்ட்ச்சு பாருங்க. மறுபடி ஃபர்னஸ் கம்ப்யூட்டர்லருந்து சுத்துது.

— நானும் இங்கேருந்து அதைத்தான் பார்த்துண்டிருக்கேன். ஒவ்வொரு சுத்துலயும் ஒரு தடவை கறுப்பு. உங்க ஹெட் ஆபீஸ்லயும் இதே ஸ்க்ரீனைத்தான் பார்க்கறா, காலையிலேருந்து போன் மேல போன். கும்மிடிப்பூண்டியில கரண்ட் போயிடுத்தோ, உலை நின்னுடுத்தோன்னு கவலைப்படறா.

— உலை நின்னா போன் எதுக்கு மேடம்? ஜன்னலாண்ட வந்து பொகை வருதான்னு பாத்தா போதும். அவங்களுக்கு ஜன்னல் இல்ல, அதான் பேஜாரு.

— அந்த ஸ்விட்ச் பெட்டியிலயே கோளாறுன்னா வேற அனுப்பணும். செட்டிங்ல தப்புன்னா நான் இப்பவே சரி பண்ணணும். சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் கேட்டிருக்கா. அட்மின் லாகின் யார்கிட்ட இருக்கு?

— என்கிட்டதான். என்ன உட்டா இந்த ரூம்ல வேற யாரு கீறாங்க?

— உங்க பேர்?

— தணிகாசலம். கன்ட்ரோல் ரூம் ஆபரேட்டர். உங்க பேரு மேடம்?

— சப்போர்ட் டெஸ்க்.

— அது டிபார்ட்மெண்டு. நான் பேர கேட்டேன்.

— பேர் சொல்லக் கூடாதுன்னு எங்க கம்பெனி ரூல் சார். யார் போனை எடுத்தாலும் சப்போர்ட் டெஸ்க்தான். அட்மின் பக்கத்தைத் திறங்கோ.

— தொறந்தாச்சு.

— பாஸ்வேர்ட் மாத்தினேளா, இல்லை பெட்டியோட வந்ததேதானா?

— பொட்டியோட வந்ததுதான்.

— ராமா. ஊருக்கே தெரிஞ்ச பாஸ்வேர்ட் சார் அது. மொதல்ல அதை மாத்துங்கோ. என்னன்னு என்கிட்ட சொல்ல வேண்டாம்.

— நீங்க பேரே சொல்ல மாட்டேன்றீங்க, நான் பாஸ்வேர்ட் சொல்லிருவேனா? மாத்திட்டேன்.

— சிரிப்பு வரது சார் உங்களோட. சரி, கீழே போர்ட் பேரெல்லாம் இருக்கும், அதுக்குப் போங்கோ. ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒரு போர்ட். இது என்ன? பென்னி, சடையப்பன், ஸ்டீவன், அன்புசெல்வன், தமிழ்செல்வி... இது ஆள் பேரான்னா இருக்கு? ஆள் பேரெல்லாம் யூசர் பக்கத்துல வரணும். இங்கே எப்படி வந்தது?

— ஆள் இல்ல மேடம், அதான் மெஷினு.

— புரியலை.

— எங்க ரூம்ல எப்பவும் அப்டிதான். அஞ்சு மேஜ, அஞ்சு கம்ப்யூட்டர், அஞ்சு பேரு. நான் ஷிப்ட் இன்சார்ஜ், எனக்கு கம்ப்யூட்டர் கெடையாது, எல்லாரு முதுகு பின்னாலயும் நடந்துகினு இருப்பேன். ஃபர்னஸ் எகிறுதுன்னு யாரும் சொல்ல மாட்டோம். பென்னி எகிறிகினு கீறான்னுதான் சொல்வோம். சடையப்பன் சூடாயிட்டாரு, தண்ணி உடுன்னா அது ரோலிங் மில்லு. கீழ ஃபிட்டருங்களுக்கும் அப்டி சொன்னாதான் புரியும். அப்பறம் இந்தப் பொட்டி வந்துச்சு. அஞ்சு கம்ப்யூட்டருக்கும் ஒரே ஸ்க்ரீனு, ஒரே கீபோர்டு, ஒரே ஆளு. மாட்ட வந்த பையன் ஒவ்வொண்ணுத்துக்கும் ஒரு பேரு குடுங்க சார்னான். குட்த்தேன்.

— ஓஹோ. அதான் போன வாரம் உங்க ஹெட் ஆபீஸ்லேருந்து ஒரு மெயில். சடையப்பன் ஓவர்ஹீட்னு ஸ்க்ரீன்ல வரது, அவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேளான்னு கேட்டிருக்கா.

— சடையப்பன் நல்லா கீறாரு. ரிட்டயர் ஆகி பள்ளிப்பட்டுல பேரனோட சுத்திகினு கீறாரு. ஃபேன் பெல்ட்டு அறுந்துச்சு, அவ்ளோதான்.

— இருந்தாலும் மாத்தித்தான் ஆகணும். மெஷின் பேர்தான் இருக்கணும்னு எழுதியே குடுத்துட்டா. ஒண்ணொண்ணா மாத்துங்கோ. நான் பார்க்கறேன்.

— இப்பவேவா?

— இப்பவே.

— பென்னியவே எடுக்கணுமா மொதல்ல? அவன் மஸ்கட் போய்ட்டான் மேடம். ஆரம்பத்துல ஞாயித்துக்கிழமன்னா போன் பண்ணுவான், அண்ணே, என் உலை எப்டிகீதுன்னு. ஊட்ல பொண்டாட்டி புள்ளைய கேக்கறதுக்கு முன்னாடி உலைய கேப்பான். இப்ப பண்றதில்ல. அவனுக்கும் அங்க வேல இருக்கும்ல. சரி, அழிச்சிட்டேன். ஃபர்னஸ்.

— அடுத்தது.

— ரோலிங். ஸ்டீவன் ஒரகடத்துல கீறான், வேற கம்பெனி. அது கூலிங் டவர். அன்புசெல்வன் புதுவாயல்ல நாஷ்டா கட வெச்சிட்டான், எப்பவாச்சும் போனா எனக்கு மட்டும் வட கூட ஒண்ணு வெப்பான். கம்ப்ரசர்னு போட்டேன். தமிழ்செல்வி எடைமேட. கல்யாணம் பண்ணிகினு சூளூர்ப்பேட்ட பக்கம் போச்சு. அது இருந்த வரைக்கும் இந்த ரூம்ல பூ வாசன வரும் மேடம். இப்ப ஏசி வாசனதான்.

— அஞ்சும் ஆயிடுத்தா?

— ஆச்சு.

— தேங்க்ஸ் சார். இப்ப ஸ்கேன் செட்டிங்குக்கு வாங்கோ. கம்ப்யூட்டர் ஒண்ணு மாத்தி ஒண்ணு தானா வரதே, அது. அங்கே, காலி போர்ட்டைத் தாண்டிப் போறதுன்னு ஒண்ணு இருக்கும் பாருங்கோ. அது ஆன்ல இருக்கா?

— ஆஃப்ல கீது.

— அதான். கேபிளே இல்லாத போர்ட்டுல போய் நிக்கறது, கறுப்பாத் தெரியறது. பெட்டி பண்ற போதே அது ஆன்லதான் வரும். இங்கே யாரோ வேணும்னே ஆஃப் பண்ணியிருக்கா. யார் சார்?

— அது யாரா இருந்தா இன்னா மேடம்?

— மொத்தம் எட்டு போர்ட். அஞ்சுலதான் கம்ப்யூட்டர். ஆனா ஏழும் எட்டும் ஸ்கேன் லிஸ்ட்லயே இல்லை. ஆறு மட்டும் இருக்கு. அதுக்கும் ஒரு பேர் போட்டிருக்கு. சார், இது உங்க பேரான்னா?

— ஆமா.

— நீங்கதான் பண்ணினேளா?

— நான்தான். மேடம், அத்த ரிப்போர்ட்ல எழுதிருவீங்களா?

— எழுதணுமே. ஏன்னு கேப்பாளே.

— எழுதுனா அட்மின புடுங்கி ஹெட் ஆபீஸ்க்கே குட்த்துருவாங்க. வேல போவாது. ஆனா வெறுமன பாக்கறவன் ஆயிருவேன். கைய கட்டிகினு ஸ்க்ரீன பாக்கணும், ஒரு பட்டன் தொட முடியாது. அப்பறம் அந்தப் பேர அவங்களே அழிச்சிருவாங்க.

— எதுக்கு சார் கேபிள் இல்லாத போர்ட்டுக்கு உங்க பேர்? நிஜமாவே கேக்கறேன். ரிப்போர்ட்டுக்காக இல்லை.

— சொன்னா சிரிக்கக் கூடாது.

— சிரிக்கலை.

— ஒரு நாளு சோத்து டப்பாவ தொறந்து வெச்சிகினு ஸ்க்ரீன பாத்துகினு இருந்தேன். பென்னி வந்தான், சடையப்பன் வந்தாரு, எல்லாரும் வந்தாங்க. பேரு வந்து வந்து போவுது. நல்லாதான் இருந்துச்சு, கூட உக்காந்து துன்ற மாதிரி. அப்பறம் தோணுச்சு, எல்லாரும் கீறாங்க, நான் எங்க? எனக்குதான் கம்ப்யூட்டரே கெடையாதே. அதான் காலியா இருந்த ஆறுல என் பேர போட்டேன். அப்பவும் வரல, தாண்டிப் போச்சு. தேடித் தேடி அந்த செட்டிங்க ஆஃப் பண்ணேன். வந்துச்சு. கறுப்பு ஸ்க்ரீன்ல வெள்ள எழுத்துல, தணிகாசலம்னு.

— ஆத்துல யாரும் இல்லையா சார்?

— ஊட்ல எல்லாரும் கீறாங்க. கவரைப்பேட்டைல நெலம் நீச்சு, பொண்டாட்டி புள்ளைங்க, ஒண்ணும் கொற இல்ல. ஆனா பூவம்மா, அதான் என் சம்சாரம், பேரு சொல்லுமா? எங்க பக்கம் புருஷன் பேர வாயால சொல்ல மாட்டாங்க. ரேஷன் கடைல கேட்டாகூட பக்கத்துல நிக்கறவங்கள சொல்லச் சொல்லும். புள்ளைங்களுக்கு நைனா. தெருவுல மேஸ்திரி வூட்டு அண்ணன். எங்கம்மா ஒண்ணுதான் பேரு சொல்லி கூப்டும், அது போய்ச் சேந்துட்ச்சு. மிச்சம் இந்த ரூம்தான். தணிகாசலம், இத்த பாரு, தணிகாசலம், அத்த பாருன்னு நாள் பூரா யாராச்சும் கத்திகினே இருப்பாங்க. அப்பல்லாம் எரிச்சலா இருக்கும். இப்ப கேட்டுல கார்டு தேச்சா அதுவும் நம்பர்தான் காட்டுது. எனக்குன்னு ஒரு பேரு கீதுன்றதே இந்தப் பொட்டிய பாத்தாதான் ஞாபகம் வருது மேடம். தப்புதான். ஆன் பண்ணிரவா?

— வேண்டாம். இருங்கோ. மௌஸைத் தொடாதீங்கோ, கன்ட்ரோலை நான் எடுத்துக்கறேன்.

— தானா நவுருது.

— நான்தான். ஹெட் ஆபீஸுக்குன்னு தனியா ஒரு யூசர் இருக்கு இல்லையா? ஒவ்வொரு யூசரும் எந்தெந்த போர்ட்டைப் பார்க்கலாம்னு அட்மின் சொல்லலாம். அவாளுக்கு ஒண்ணுலேருந்து அஞ்சு வரைக்கும் போதும். ஆறுல டிக்கை எடுத்துட்டேன். இனிமே அவா ஸ்க்ரீன் கறுப்பாகாது.

— என்னுதுல?

— உங்க லாகின்ல எப்பவும் போல வரும்.

— ரிப்போர்ட்டு?

— காலி போர்ட் ஹெட் ஆபீஸ் ஸ்கேன்ல வந்துண்டிருந்தது, எடுத்தாச்சு, ஸ்விட்ச் நன்னா இருக்குன்னு எழுதறேன். ஒரு வார்த்தை பொய் இல்லை. அட்மின் உங்ககிட்டயே இருக்கட்டும்.

— நீங்க எந்த ஊரு மேடம்? அதுக்கும் ரூலு கீதா?

— அதுக்கு இல்லை. திருவள்ளூர். பக்கத்து ஊர்தான்.

— அடடே. நான் பெங்களூருன்னு நெனச்சிகினு இருந்தேன். ஆபீஸ் அங்கயா கீது?

— ஆபீஸ் இங்கே இல்லை. எல்லாரும் அவாவா ஆத்துலேருந்து வேலை பண்றோம். காதுல ஹெட்செட்டை மாட்டிண்டு உக்காந்தா எழுந்திருக்கறச்சேதான் கழட்டறது. அப்பாவுக்குக் கோயில்ல கைங்கரியம். வந்தா அம்மாடி, சாப்பிட்டியாம்பார், அப்புறம் படுத்துடுவார். அம்மா இல்லை. நாள் முழுக்க யார் யாரோடயோ பேசறேன் சார். சிலபேர் மேடம்பா, சிலபேர் ஹலோம்பா. ஒருத்தர் ஏம்மா சப்போர்ட்டும்பார்.

— நான்கூட மேடம்னுதான் சொல்லிகினு கீறேன்.

— நீங்க ஒருத்தர்தான் பேர் கேட்டேள்.

— கேட்டு இன்னா. ரூலு உடலயே.

— ஆமா, என் வாயால சொல்லக் கூடாது. கால் ரெக்கார்ட் ஆறது.

— பரவால்ல, உடுங்க. இன்னா டைப் பண்றீங்க மேடம்? வேலதான் முட்ஞ்சி போச்சே.

— கொஞ்சம் இருங்கோ. ம். ஆயிடுத்து. இப்ப உங்க லாகின்ல ஸ்கேனை ஓட விடுங்கோ.

— ஓடுது. ஃபர்னஸ். ரோலிங். கூலிங் டவர். கம்ப்ரசர். எடைமேட. தோ, கறுப்பு. நான் வந்துட்டேன்.

— வந்தேளா?

— வந்தேன் வந்தேன். இதென்ன மேடம், ஃபர்னஸுக்குப் போவாம இன்னொரு கறுப்பு நிக்குது? ஏழு காலியாச்சே. அதுலயும் இன்னாவோ எழுதியிருக்குது.

— தணிகாசலம் சார், அதைக் கொஞ்சம் சத்தமாப் படிங்கோ.

— வைதேஹி.