ரெண்டு விசில் சவரிமுத்து

இந்த இரங்கல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கும் நம் கல்லூரிச் செயலர் திரு. டென்னிஸ் அவர்களே! முன்னாள் கவுன்சிலர் திரு. கலையரசன் அவர்களே! யார் என்றே எனக்குத் தெரியாவிட்டாலும் முன்வரிசை சோபாவை நிறைத்திருக்கும் பிரமுகர்களே! உட்கார நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கிற என் பழைய மாணவர்களே, மாணவிகளே! அப்பா சவரிமுத்துவைப் பறிகொடுத்துவிட்டு வந்திருக்கும் கிரேஸ் அம்மா! எல்லோருக்கும் விஜயலட்சுமியின் வணக்கம். இந்தக் கல்லூரியில் உடற்கல்வி இயக்குநராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இரண்டு நிமிடம் பேசினால் போதும் என்று சொல்லித்தான் மேடையேற்றினார்கள். சவரிமுத்துவைப் பற்றிப் பேச இரண்டு நிமிடமா? அந்த மனிதர் ஒரு கார்னர் அடிப்பதைப் பற்றியே இரண்டு மணி நேரம் பேசுவார்! கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் என் பின்னால் தொங்குகிற இந்த பேனரைப் பாருங்கள். நன்றாகப் பாருங்கள். செத்துப்போனவர் யார் என்று புதிதாக வருகிறவனுக்குத் தெரியுமா? செயலர் ஆளுயரத்துக்கு நின்று கும்பிடுகிறார். கவுன்சிலர் செல்போனைக் காதில் வைத்துக்கொண்டு துக்கப்படுகிறார். சவரிமுத்து எங்கே? மூலையில், தபால்தலை அளவில், பாதி முகத்தை ஆணி மறைத்துக்கொண்டிருக்கிறது. 'ஹாக்கி ரசிகர் திலகம்' என்று பட்டம் வேறு! உயிரோடு இருந்தபோது இந்த மேடையில் அவருக்கு ஒரு டம்ளர் டீ கொடுத்தீர்களா? பந்தலுக்குள் வந்தால் 'யோவ் கண்டக்டர், தள்ளி நில்லு' என்று விரட்டினீர்களே! இப்போது திலகமாம். தூ!

கோபித்துக்கொள்ளாதீர்கள், கவுன்சிலரே. அடுத்து உங்களிடம்தான் வருகிறேன். பேனரின் கீழ்வரிசையில் 'அமரர் சவரிமுத்துவின் மனம் கவர்ந்த பதினொருவர்' என்று பதினொரு படம் போட்டிருக்கிறீர்கள். கோல் கீப்பர் என்ற இடத்தில் கலையரசன்! ஐயா, நீங்கள் எந்த வருஷம் எங்கள் கோலில் நின்றீர்கள்? எனக்குத் தெரிந்து நீங்கள் அந்த மைதானத்தில் ஓடியது ஒரே ஒரு முறை. பரிசளிப்பு விழாவில் உங்கள் சால்வையை ஓர் ஆடு கவ்விக்கொண்டு போனது, அதன் பின்னால் ஓடினீர்கள். அதையும் பிடிக்கவில்லை.

சிரிக்காதீர்கள். இது இரங்கல் கூட்டம்.

சவரிமுத்துவின் பதினொரு பேர் யார் என்று இந்த ஊரில் எல்லோருக்கும் தெரியும். அவர் நம் கல்லூரியில் படித்தவரில்லை. ஹாக்கி மட்டையைப் பிடித்து ஒரு பந்தை ஒழுங்காகத் தள்ளத் தெரியாது. அரசுப் பேருந்தில் கண்டக்டர். திருக்கோவிலூரிலிருந்து களமருதூர் வழியாக உளுந்தூர்ப்பேட்டை போகிற வண்டி. மேட்ச் நாளில் டூட்டி முடிந்ததும் காக்கிச் சட்டையோடு, தோளில் பையோடு, கழுத்தில் விசிலோடு கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்பார். பெரும்பாலும் டூட்டி முடிந்த பிறகுதான் வருவார் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தை மாதப் போட்டியில், இறுதி ஆட்டம் முடிந்து கோப்பை கொடுத்த பிறகு, மைக் செட்காரரிடம் மைக்கைப் பிடுங்குவார். நம் கல்லூரி ஹாக்கி தொடங்கிய நாளிலிருந்து ஆடியவர்களில் தனக்குப் பிடித்த பதினொரு பேரை ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். கூப்பிட்டவர் சுண்ணாம்புக் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் வந்து நிற்க வேண்டும். வயிறு தள்ளியிருக்கட்டும், முட்டி வலிக்கட்டும், பெரிய ஆபீசராகவே இருக்கட்டும், வந்து நிற்க வேண்டும். எங்கெங்கோ வேலையில் இருக்கிற என் பிள்ளைகள் அந்த ஒரு குரலுக்காக லீவு போட்டுவிட்டு வருவார்கள். வராதவர் பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பார்ப்பார். அப்புறம், "வண்டி லேட்டு. அடுத்த ட்ரிப்புல வருவான்" என்பார். கூட்டமே சிரிக்கும்.

அந்தப் பதினொரு பேர் தேர்வு சரியானதா? மகா மட்டம்! இத்தனை வருஷமும் அந்த மனிதரோடு நான் சண்டை போட்டது அதற்குத்தான். மாநில அணிக்கு ஆடிய என் சென்டர் ஹாஃபை விட்டுவிட்டு, ஓடவே தெரியாத ஒரு ஃபுல் பேக்கைச் சேர்த்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "அவன் தோத்த மேட்சுல அழுதாங்க டீச்சர். உங்க ஆளு தோத்துட்டு பரோட்டா துன்னுகினு இருந்தான்" என்றார். இது ஒரு தகுதியா? டிவியில் ஐஸ் மேல் ஹாக்கி ஆடுவதைப் பார்த்துவிட்டு வந்து, "இன்னா டீச்சர், வழுக்கிகினு போறதெல்லாம் ஒரு ஓட்டமா? மத்தியானம் பன்னண்டு மணிக்கு நம்ம கிரவுண்டுக்கு வரச் சொல்லுங்க அவனுங்கள" என்று என்னிடமே சவால் விட்டார். ஹாக்கியைப் பற்றி அவருக்கு ஒரு மண்ணும் தெரியாது. இதை அவர் படத்துக்கு முன்னால் நின்று சொல்கிறேன்.

பெண்கள் அணி தொடங்கி எத்தனையோ காலம் ஒரு பெண்ணின் பெயரை அவர் சொல்லவில்லை. "அது வேற டீமு டீச்சர்" என்பார். நான் அவரோடு பேசுவதையே நிறுத்தியிருக்கிறேன். கல்வராயன் மலையிலிருந்து வந்து படித்த பச்சையம்மாள் பிளந்த உதட்டோடு நின்று பெனால்டி ஸ்ட்ரோக்கைத் தடுத்த அன்றுதான் அந்த மனிதர் வழிக்கு வந்தார். அந்தத் தை மாதம் மைக்கில், "கோல் கீப்பரு, பச்சை! ஏம்மா பச்சை, கோட்டத் தாண்டி உள்ள வாம்மா!" என்று கூவினார். என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, மறைக்கவில்லை. பச்சையம்மாள் இப்போது மலையில் வனக்காப்பாளர். அன்றிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் பஸ் பிடித்து வந்து அந்தக் கோட்டைத் தாண்டுகிறாள். இன்றும் வந்திருக்கிறாள். எங்கே? அதோ, கடைசியில், வாசல்படிக்குப் பக்கத்தில் நிற்கிறாள். அவள் இடத்தில்தான் ஆட்டைப் பிடிக்கத் தெரியாதவர் படம் தொங்குகிறது!

இப்போது செயலரிடம் வருகிறேன். டென்னிஸ் அவர்களே, நீங்கள் நிஜமாகவே அந்தப் பதினொரு பேரில் ஒருவர். அதை நான் மறுக்கவில்லை. சென்டர் ஃபார்வர்டு. அவர் முதலில் சொல்கிற பெயரே உங்களுடையதுதான். ஏன் என்று இங்கே இருக்கிற இளையவர்களுக்குத் தெரியாது, சொல்கிறேன்.

கடலூர் அணியோடு இறுதி ஆட்டம். ஒன்றுக்கு ஒன்று. ஆட்டம் முடியப்போகிறது. சவரிமுத்து வழக்கம்போல் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில். அன்று அவர் வண்டி பஸ் ஸ்டாண்டில் ஆட்களோடு நின்றுகொண்டிருந்தது என்பது பிறகுதான் எனக்குத் தெரியும். பந்து டென்னிஸிடம் வந்தது. பார்த்துக்கொண்டிருந்த மனிதருக்குத் தாங்கவில்லை. விசிலை வாயில் வைத்து ரெண்டு ஊது ஊதிவிட்டார்! கடலூர்ப் பிள்ளைகள் அம்பயர் விசில் என்று நினைத்து அப்படியே நின்றுவிட்டார்கள். ஒருவன் மட்டையைக்கூடக் கீழே போட்டுவிட்டான். டென்னிஸ் நிற்கவில்லை. ஏன்? களமருதூரிலிருந்து தினமும் சவரிமுத்துவின் பஸ்ஸில் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு வந்த பையன். ஒரு விசில் என்றால் நிறுத்து, ரெண்டு விசில் என்றால் போகலாம். அது அவன் காலுக்கே தெரியும்! போனான், தள்ளினான், கோல்! அம்பயர் 'நான் ஊதவே இல்லை' என்றார், கோல் செல்லும் என்றார், சவரிமுத்துவை மைதானத்தைவிட்டு வெளியே அனுப்பினார். வெளியே போகும்போது அந்த மனிதர் ஆடிக்கொண்டே போனார். கடைசி வரைக்கும் ஒப்புக்கொள்ளவில்லை. "நான் எங்க டீச்சர் ஊதனேன்? அது தானா ஊதிக்கிச்சி!" என்பார்.

அந்த ஒரு கோலில்தான் செயலரே உங்கள் வண்டி கிளம்பியது. பேப்பரில் படம், விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை, பிறகு கான்ட்ராக்ட், பிறகு இந்தச் செயலர் நாற்காலி. இன்றைக்கும் கல்யாண வீட்டில் உங்களை 'கோல் டென்னிஸ்' என்றுதானே அறிமுகம் செய்கிறார்கள்? அந்த விசிலைப் பற்றி எங்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கிறீர்களா?

செயலரான பிறகு நீங்கள் ஒரு தை மாதமும் அந்தக் கோட்டைத் தாண்டவில்லை. ஏசி அறையின் ஜன்னல் வழியாகப் பார்ப்பீர்கள். கீழே சவரிமுத்து உங்கள் பெயரைக் கூவுவார், காத்திருப்பார், "வண்டி லேட்டு" என்பார். இந்தத் தை மாதமும் கூவினார். அதற்குள் ஊருக்கே செய்தி தெரிந்துவிட்டது, செயலர் மைதானத்தில் கடை கட்டப் போகிறார் என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "அந்த ஆளை இன்னுமா பதினொரு பேரில் வைத்திருக்கிறீர்கள்? எடுத்துத் தொலையுங்கள்!" என்று சவரிமுத்துவிடம் கத்தினேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "துண்டு போட்டு சீட்டு புடிச்ச ஆளு ஒன்னுக்குப் போயிருந்தா, வண்டிய எடுத்துடுவாங்களா டீச்சர்? கொஞ்ச நேரம் நிக்கத்தான் வேணும். பேரு சொல்லிகினே இருந்தா வந்துடுவான்."

வந்தீர்களா? அவரே அல்லவா உங்களைத் தேடி வந்தார்! மைதானத்தை விட்டுவிடச் சொல்லிக் கேட்க, சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, கிரேஸைத் துணைக்கு அழைத்துக்கொண்டு உங்கள் வீட்டுக்கு வந்தார். கார் ஷெட்டில் உட்காரவைத்தீர்கள். உள்ளே டிவி சத்தம் கேட்கிறது. 'சார் மீட்டிங்குல இருக்காரு' என்று சொல்லி அனுப்பினீர்கள். காலையில் வந்தவர் வெயில் சாய்ந்து திரும்பினார். வழியில் கிரேஸ் அழுதபோது, "இதுக்கு இன்னாத்துக்குமா அழுவுற? தம்பி பிசி. அடுத்த ட்ரிப்பு பாத்துக்கலாம்" என்றாராம். அடுத்த வாரம் போய்விட்டார். உங்களால்தான் போனார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் இதயம் பழையது, டாக்டர் முன்பே எச்சரித்திருந்தார். ஆனால் அந்தக் கார் ஷெட்டை நான் மன்னிக்க மாட்டேன்.

இப்போது இந்தக் கூட்டத்தின் முடிவில் ஒரு தீர்மானம் படிக்கப் போகிறார்களாம். மைதானத்தில் எழப்போகும் கட்டடத்துக்கு 'அமரர் சவரிமுத்து நினைவு வணிக வளாகம்' என்று பெயர் வைப்பார்களாம். நாம் கைதட்ட வேண்டுமாம்! எவ்வளவு பெரிய மனசு! அந்த மனிதர் நின்ற இடத்தில் செருப்புக் கடையும் செல்போன் கடையும் வைத்து, மேலே அவர் பெயரை எழுதுவார்கள். இதைவிட அவர் படத்தின் மேல் காறித் துப்பியிருக்கலாமே! மண் தோண்டும் இயந்திரம் ஏற்கெனவே கிழக்குக் கோல் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. நாளைக் காலையில் தோண்டுகிறார்கள். இன்று காலை இரண்டாம் ஆண்டு படிக்கிற தேவிப்ரியா என்னிடம் வந்து, "மேடம், நாளைக்கு ஸ்டிக் எடுத்துகினு வரலாமா, வேணாமா?" என்று கேட்டாள். இப்போதைய பெண்கள் அணியின் சென்டர் ஃபார்வர்டு அவள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். வெளியே டக் டக்கென்று சத்தம் கேட்கிறதல்லவா? அவள் அணிப் பிள்ளைகள்தான். கடைசியாக ஒரு முறை ஆடிக்கொள்கிறோம் என்று அனுமதி கேட்டுவிட்டு ஆடுகிறார்கள்.

கிரேஸ் இன்று என்னிடம் அப்பாவின் விசிலைக் கொடுத்தாள். இதோ. அவர் செய்ததை இனி நான் செய்யப் போகிறேன். தை மாதம் வரைக்கும் காத்திருக்க நேரமில்லை, இங்கேயே செய்கிறேன். மைக்கை அணைக்காதே தம்பி, அணைத்தாலும் என் குரல் கேட்கும்.

சென்டர் ஃபார்வர்டு... டென்னிஸ்!

கூப்பிடுகிறேன், டென்னிஸ். செயலரை அல்ல, படிக்கட்டில் தொங்கி வந்த பையனைக் கூப்பிடுகிறேன். அந்தத் தீர்மானத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு எழுந்து வாருங்கள். என் கோபமெல்லாம் அந்த நிமிடமே போய்விடும். மைதானம் நூறு அடி தூரம்கூட இல்லை.

தண்ணீர் குடிக்கிறார். குடிக்கட்டும், காத்திருக்கிறேன்.

டென்னிஸ்!

கவுன்சிலர் காதில் ஏதோ சொல்கிறார். செயலர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார்.

சரி. சவரிமுத்துவாக இருந்தால் அடுத்த ட்ரிப்பில் வருவான் என்பார். நான் சவரிமுத்து இல்லை. அவ்வளவு நல்ல மனசு எனக்குக் கிடையாது. இதோ, ஒரு விசில். கேட்டதா, டென்னிஸ்? அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். உங்கள் இடம் வந்துவிட்டது, இறங்கிக்கொள்ளுங்கள்.

சென்டர் ஃபார்வர்டு, தேவிப்ரியா! கோல் கீப்பர், பச்சையம்மாள்! மற்ற ஒன்பது பேரும் யார் என்று உங்களுக்கே தெரியும். பாதிப் பேர் இந்தச் சுவரோரம்தான் நிற்கிறீர்கள். சவரிமுத்து அண்ணே, உங்கள் படத்தைச் சாட்சியாக வைத்துச் சொல்கிறேன். நாளைக் காலை அந்த இயந்திரத்துக்கு முன்னால் நாங்கள் சுண்ணாம்புக் கோட்டுக்கு உள்ளே நிற்போம். தை மாதம் அதே இடத்தில் மைக் பிடித்துப் பெயர் கூவுவோம். உங்கள் மட்டமான பதினொரு பேரில் ஒரு பெயரைக்கூட, இந்த ஒன்றைத் தவிர, நான் மாற்ற மாட்டேன்.

கிரேஸ், எழுந்திரும்மா. எல்லோரும் எழுந்திருங்கள். தேவிப்ரியா காலையில் கேட்டதற்கு இப்போது போய்ப் பதில் சொல்லிவிடலாம். ரெண்டு விசில் ஊதுகிறேன்.